கார்டுராய் வாங்கப் போகிறீர்களா? அகல வரியா, பொடி வரியா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

என் முதல் கார்டுராய் பேண்ட் எந்த இடத்தில் போனது என்று சொன்னாலே அந்தத் துணியைப் பற்றிப் பாதி சொன்ன மாதிரி. முட்டியில் இல்லை. பாக்கெட் ஓரத்திலும் இல்லை. நடக்கும்போது இரண்டு தொடையும் உரசும் இடத்தில், உள்பக்கமாக. முதலில் அங்கே நிறம் மங்கியது. பிறகு வரிகள் தட்டையாகின. அப்புறம் ஒருநாள் விரலால் தடவினால் வரியே இல்லை, மெல்லிய அடித்துணி மட்டும்தான் கையில் பட்டது. மற்ற இடமெல்லாம் நேற்று வாங்கியது போல் இருந்தது. கிழிந்தது அதற்கும் பல மாதம் கழித்து.

ஜீன்ஸ் நைந்துபோகும். கார்டுராய் வழுக்கை விழும். கடையில் எதை எடுப்பது, வீட்டில் எப்படித் துவைப்பது என்று குழம்பும்போதெல்லாம் நான் இந்த வழுக்கையை நினைத்துக்கொள்வேன். எங்கே உரசும், எவ்வளவு உரசும் என்று யோசித்தால் போதும், பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

வழுக்கை ஏன் விழுகிறது என்பதற்கு நெசவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சாதாரணத் துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் மாறி மாறிப் பின்னிக்கொள்ளும். கார்டுராயில் கூடுதலாக இன்னொரு ஊடை ஓடும். அது ஒவ்வொரு பாவிலும் பிடித்துக்கொள்ளாது. சில பாவு நூல்களைத் தாண்டி மேலே பாலம் போலக் கிடக்கும். நெய்து முடித்தபின், அந்தப் பாலங்களின் நடுவே துணியின் நீளவாக்கில் கத்தியை ஓட்டி அறுப்பார்கள். அறுபட்ட முனைகள் எழுந்து நிற்கும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து வரியாகும். வயலில் வரப்பும் வாய்க்காலும் போல, முடி நிற்கும் இடம் வரப்பு, அடித்துணி தெரியும் இடம் வாய்க்கால். அந்த முடி உதிர்ந்தாலோ நசுங்கினாலோ மிஞ்சுவது வெறும் அடித்துணிதான்.

இன்று இந்த அறுப்பை இயந்திரம் செய்கிறது. ஒருகாலத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்தில் நீண்ட மேசையில் துணியை இழுத்துக் கட்டி, மெல்லிய நீளக் கத்தியைப் பிடித்துக்கொண்டு தொழிலாளர்கள் மேசை நெடுக நடந்து நடந்து அறுத்தார்கள். வரிக்கு ஒரு நடை! ஜெர்மன் மொழியில் இந்தத் துணிக்கே 'மான்செஸ்டர்' என்று ஒரு பெயர் உண்டு. 'அரசனின் கயிறு' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்துதான் கார்டுராய் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள், நம்ப வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் இதை அப்படி அழைப்பதே இல்லை. அவர்களுக்கு இது வரிபோட்ட வெல்வெட், அவ்வளவுதான். அரசர்களைவிட உழைப்பாளிகள்தான் இதை அதிகம் உடுத்தினார்கள். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் வயல் வேலைக்குப் போன பெண்கள் படையின் சீருடையில்கூடக் கார்டுராய் கால்சட்டைதான் இருந்தது.

சரி, வரிக்கு வருவோம். ஒரு அங்குலத்தில் எத்தனை வரி இருக்கிறது என்பதுதான் கார்டுராயின் கணக்கு. ஆங்கிலத்தில் இந்த வரியை 'வேல்' என்பார்கள். முருகன் கையில் இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எண் குறைந்தால் வரி அகலம், எண் கூடினால் வரி பொடி. முதன்முறை வாங்குபவர் பெரும்பாலும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார். லேபிளில் 8 என்று இருந்தால் ஒரு வரி ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். 16 என்றால் அதில் பாதி. லேபிளில் எண் இல்லையென்றால் ஸ்கேலை வைத்து எண்ணிவிடலாம், ஒரு நிமிட வேலை.

அகல வரி: 4 முதல் 8 வரை

தொலைவிலிருந்தே கார்டுராய் என்று தெரிவது இதுதான். முடி உயரமாக இருப்பதால் வரப்புகளுக்கு இடையே காற்று தங்கும், அதனால் கதகதப்பு அதிகம். துணியும் கனம். கையில் எடுத்தால் போர்வை மாதிரி இருக்கும், உடலோடு ஒட்டாமல் தன் வடிவத்திலேயே நிற்கும். குளிர் நாளில் இதைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்வது தனி சுகம்.

ஆனால் பேண்ட்டாக எடுப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. வரி அகலமானால் உடலும் அகலமாகத் தெரியும். தொடை சற்றுப் பருமனாக உள்ளவர்கள் கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. அடுத்தது சத்தம். அமைதியான அறையில் நடந்து போனால் 'சர்ரு சர்ரு' என்று ஒவ்வொரு அடிக்கும் அறிவிப்பு வரும். பொடி வரியிலும் சத்தம் உண்டு, ஆனால் யாரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருக்காது. அப்புறம் வழுக்கை. அகல வரியில் ஒரு வரப்பு போனால் பல் விழுந்த வாய் மாதிரி உடனே கண்ணில் படும்.

ஜாக்கெட் என்றால் கதையே வேறு. ஜாக்கெட்டில் தொடை இல்லை. உரசும் இடம் என்று பார்த்தால் முழங்கையும் கைமுனையும்தான், முழங்கைக்கு ஒட்டுப் போட்டால் அதுவும் அழகு. அகல வரிக்குச் சரியான இடம் ஜாக்கெட்தான் என்பது என் எண்ணம். என்னிடம் இருக்கும் பழுப்பு நிற ஜாக்கெட் 8 வரி. பல குளிர்காலம் பார்த்துவிட்டது, முதுகுப் பக்கம் இன்னும் முதல் நாள் போலவே இருக்கிறது.

நடு வரி: 10 முதல் 14 வரை

ஒருவருக்கு ஒரே ஒரு கார்டுராய் பேண்ட் வாங்கித் தரச் சொன்னால் நான் கைவைப்பது இங்கேதான். 11 என்பது நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ள பொதுவான அளவு. 14 இன்னும் சீராக இருக்கும், அலுவலகத்துக்குப் போட்டாலும் உறுத்தாது. கனமும் கதகதப்பும் நடுத்தரம். முடி அடர்த்தியாக நிற்பதால் தொடை உரசலை ஓரளவு தாங்கும். ஒன்றிரண்டு வரப்பு தேய்ந்தாலும் பக்கத்து வரப்புகள் மறைத்துக்கொடுக்கும். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பொடி வரி: 16-க்கு மேல்

16, 18, 21 என்று போகும். எட்டி நின்று பார்த்தால் வரியே தெரியாது, வெல்வெட் என்றுகூட நினைக்கலாம். மெல்லியது, உடலோடு வழிந்து விழும். சட்டை, பாவாடை, குழந்தைகளின் உடை எல்லாவற்றுக்கும் இதுதான். வெயில் அதிகமுள்ள இடத்தில் இருந்துகொண்டு கார்டுராய் ஆசைப்படுபவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். அகல வரி பேண்ட்டை வெயிலில் போட்டுக்கொண்டு அலைவது வேண்டாத வேலை.

குறை என்னவென்றால், முடி குட்டை. குட்டை முடி சீக்கிரம் படுத்துவிடும். உட்கார்ந்தே வேலை செய்பவர் பொடி வரியில் பேண்ட் எடுத்தால் பின்புறம் பளபளக்கத் தொடங்கும். சட்டையில் இந்தத் தொல்லை குறைவு.

வெல்வெட்டும் இதன் உறவுதானே, அதையே எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வெல்வெட்டில் முடி பாவு நூலிலிருந்து வருகிறது, இடைவெளி இல்லாமல் பரவி நிற்கும். உட்கார்ந்து எழுந்தால் தடம் பதியும். கார்டுராயில் வாய்க்கால் இருப்பதால் வரப்புக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் உண்டு. தினமும் போட கார்டுராய், விசேஷத்துக்கு வெல்வெட்.

துணியைப் புரட்டிப் பாருங்கள்

வரி அகலத்தை முடிவு செய்தாயிற்று. ஒரே அகலத்தில் இரண்டு பேண்ட் பக்கத்துப் பக்கத்தில் தொங்கினால் எதை எடுப்பது? இங்கேதான் பலரும் நிறத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். நான் முதலில் பேண்ட்டின் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பேன். பின்பக்கம் ஜீன்ஸ் மாதிரிச் சாய்கோடு தெரிந்தால் அது ட்வில் நெசவு. முடியை நெருக்கமாக நட இடம் கொடுக்கும், உழைக்கும். சாதா நெசவாக இருந்தால் துணி லேசாக இருக்கும். சட்டைக்கு அது போதும், பேண்ட்டுக்கு முன்னதுதான் சரி.

அடுத்து, ஒவ்வொரு முடிக்கொத்தும் அடித்துணியில் எப்படிப் பிடித்திருக்கிறது என்று ஒரு விஷயம் இருக்கிறது. ஒரே ஒரு பாவு நூலைச் சுற்றி ஏறி இறங்கியிருந்தால் அது ஆங்கில 'வி' எழுத்து மாதிரி, இழுத்தால் கழன்றுவரும். மூன்று பாவு நூல்களில் மேலும் கீழுமாகப் புகுந்து வந்திருந்தால் 'டபிள்யூ' எழுத்து மாதிரி, எளிதில் வராது. லேபிளில் இதை யாரும் போடுவதில்லை. ஆனால் நகம் சொல்லிவிடும். தையல் மடிப்பு ஓரத்தில் ஒரு வரப்பை நகத்தால் நாலு தடவை சுரண்டிப் பாருங்கள். நகக்கண்ணில் துணி நிறத்தில் பஞ்சுத்தூள் சேர்ந்தால் பேண்ட்டைத் திரும்ப மாட்டிவிடலாம். வரப்பை விரலால் பிரித்து வெளிச்சத்துக்குக் காட்டியும் பார்ப்பேன். வேர்வரை நிறம் ஏறியிருக்க வேண்டும், முடி அடர்த்தியாக நிற்க வேண்டும்.

முழுப் பருத்தியா, ஸ்ட்ரெச் கலந்ததா? இதில் நான் இரண்டு மனசாக இருந்து இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பருத்தி மட்டும் என்றால் முதலில் விறைப்பாக இருக்கும், போகப்போக உங்கள் உடலுக்குப் பழகும், மூச்சும் விடும். ஆனால் உட்கார்ந்து எழுந்தால் மாலைக்குள் முட்டியில் பை போட்டுவிடும். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்தால் அந்தப் பை குறையும், குனிந்து நிமிரச் சுலபம். ஒடுக்கமான பேண்ட்டுக்கு அது வேண்டும். தளர்வான பேண்ட்டுக்கும் ஜாக்கெட்டுக்கும் வேண்டாம். சூடு பட்டால் எலாஸ்டேன் சீக்கிரம் தளர்ந்துபோகும், அதன்பின் துணி தொளதொளவென்று ஆகிவிடும். பாலியஸ்டர் பாதிக்கு மேல் கலந்ததை நான் எடுப்பதில்லை. சீக்கிரம் உலரும், சுருங்காது, உண்மைதான். ஆனால் வரப்பில் ஒரு செயற்கை மினுமினுப்பு வரும். இஸ்திரிச் சூடு தவறிப் பட்டால் முடி உருகி ஒட்டிக்கொள்ளும், பிறகு என்ன செய்தாலும் எழாது.

இன்னொன்று, முடிக்குத் திசை உண்டு. நீளவாக்கில் கையால் தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், மறுபக்கம் எதிர்க்கும். முடி மேல்நோக்கிப் படுத்திருக்கும்படி தைத்தால் நிறம் ஆழமாகத் தெரியும், கீழ்நோக்கி இருந்தால் சற்று வெளுத்துத் தெரியும், தொடுவதற்கு வழவழப்பாக இருக்கும். எது சரி என்று சண்டை வேண்டாம், எல்லாத் துண்டும் ஒரே திசையில் இருந்தால் போதும். ரெடிமேடில் இதைச் சோதிக்க இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கால் கருப்பாகவும் மறு கால் சாம்பலாகவும் தெரிந்தால் துணியை மிச்சம் பிடிக்க யாரோ தலைகீழாக வெட்டியிருக்கிறார்கள். துணி வாங்கித் தைக்கிறவர்கள் இதனால்தான் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுக்க வேண்டும்.

நீளம் குறைக்கக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை துவைத்துவிடுங்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். அதோடு, ஒருமுறை மடித்துத் தைத்ததைப் பின்னால் பிரித்து இறக்கினால் பழைய மடிப்பு கோடாகத் தெரியும், முடி அங்கே எழுந்து நிற்காது.

கையால் துவைப்பதா, மெஷினா?

கையால் துவைத்தால்தான் துணிக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்வோம். கார்டுராயில் நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் கைத்துவையல் என்பது சோப்பைத் தேய்த்து, பிரஷ் போட்டு, கசக்கி, முறுக்கிப் பிழிவது. இவை நான்கும் வரப்புக்கு எமன். வாளித் தண்ணீரில் சோப்பைக் கரைத்து, ஊறவைத்து, அமுக்கி அமுக்கி எடுக்கும் பொறுமை இருந்தால் கையால் துவைக்கலாம். இல்லையென்றால் மெஷின்தான் மேல். உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, ஜிப்பை மூடி, குளிர்ந்த நீரில் மென்மையான சுற்றில் விட்டால் முடிக்குப் பெரிய சேதம் இல்லை. மெஷினை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஸ்பின் வேகத்தைக் குறையுங்கள், ஈரத்தில் இறுகிய மடிப்பு காய்ந்தபின் போகவே போகாது. அடர்ந்த நிறம் என்றால் முதல் சில முறை தனியாகவே துவைக்க வேண்டும், சாயம் இறங்கும்.

துவாலையோடு மட்டும் போடாதீர்கள். ஒருமுறை அவசரத்தில் கருப்பு பேண்ட்டை வெள்ளைத் துவாலையோடு போட்டுவிட்டேன். வெளியே வந்தது பேண்ட் இல்லை, பனி பெய்த வயல். துவாலை உதிர்த்த பஞ்சு ஒவ்வொரு வாய்க்காலிலும் போய் உட்கார்ந்திருந்தது. ஒட்டும் டேப்பை வைத்து ஒரு மாலை முழுக்க எடுத்தேன்.

துவைத்ததும் உதறி, வரப்புகளைக் கையால் நேராக நீவி, நிழலில் உலர்த்த வேண்டும். பாதி காய்ந்திருக்கும்போது மென்மையான பிரஷ்ஷால் முடி படுக்கும் திசையில் ஒருமுறை வாரிவிட்டால் வரப்பு எழுந்து நிற்கும். டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில் கொஞ்ச நேரம் மட்டும் விட்டு, ஈரம் முழுதும் போகும் முன் எடுத்து மாட்டுங்கள். அந்தக் குலுக்கல் முடியை எழுப்பும், ஆனால் ஈரமே இல்லாமல் காயவைத்தால் சுருங்கும். தோள்பட்டைக்குப் பஞ்சு வைத்து, உள்லைனிங் போட்டுத் தைத்த ஜாக்கெட்டை இந்த விளையாட்டுக்கெல்லாம் விடாமல் டிரைகிளீனிங் கொடுப்பதே நல்லது.

ஒருமுறை போட்டதும் துவைக்க வேண்டும் என்றில்லை. காற்றாட மாட்டி, தூசியைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் சில முறை போடலாம். துவைப்பும் ஒரு உரசல்தானே. சேறு பட்டால் ஈரத்தில் துடைக்க ஓடாதீர்கள், காயவிட்டு உதிருங்கள்.

இஸ்திரியில்தான் என் பெரிய தவறு நடந்தது. ஒரு பச்சைப் பேண்ட்டை வெளிப்பக்கமாகவே விரித்து, சூடாக ஒரு அழுத்து. எடுத்தால் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே முட்டிக்கு மேலே பளபளவென்று பதிந்திருந்தது. ஆவி காட்டிப் பிரஷ் போட்டதில் முக்கால் பங்கு எழுந்தது, மீதி இன்னும் சில கோணத்தில் தெரிகிறது. இப்போதெல்லாம் தடித்த துவாலையை விரித்து, வரப்பு அதில் புதையும்படி கவிழ்த்து, உள்பக்கத்தில் ஆவியை மட்டும் விடுகிறேன். அழுத்துவதில்லை. மீந்துபோன கார்டுராய்த் துண்டு இருந்தால் துவாலைக்குப் பதில் அதையே விரிக்கலாம், முடியும் முடியும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நசுங்காமல் தப்பும்.

வைப்பதற்கு மடிப்பதைவிட மாட்டுவது மேல். பேண்ட்டைக் கால்முனையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் அதன் கனமே சுருக்கத்தை இழுத்துவிடும். ஜாக்கெட்டுக்கு அகலமான தோள் உள்ள ஹேங்கர் வேண்டும். கம்பி ஹேங்கரில் தொங்கினால் தோளில் இரண்டு கொம்பு முளைக்கும்.

முதலில் சொன்ன அந்தப் பேண்ட்டை நான் தூக்கிப் போடவில்லை. தொடைக்கு ஒட்டுப் போடச் சொல்லி டெய்லரிடம் கொடுத்தேன். உள் மடிப்பில் மீந்திருந்த அதே துணியிலிருந்து துண்டு வெட்டி, நேர்த்தியாகத் தைத்துத் தந்தார். தையல் குறையே சொல்ல முடியாது. போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் நின்றால் ஒட்டு மட்டும் ஒரு சாயல் கருப்பாகத் தெரிந்தது. கையால் தடவினேன். முடி மேல்நோக்கி நின்றது.